இரண்டு படகு, ஒரே கூடை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நாகப்பட்டினத்தில் பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். லுவா மொழியில், லவ் என்ற கேம் ஃப்ரேம்வொர்க்கை வைத்து, மீன்பிடிப் படகுகள் வரும் சின்ன கேம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜாவா வகுப்பில் ‘கிளாஸ் என்பது வீட்டுப் பிளான், ஆப்ஜெக்ட் என்பது அந்தப் பிளானை வைத்துக் கட்டிய வீடு’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். லுவாவில் கிளாஸே கிடையாது. அதில் ஊப்ஸ் (ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்) படிப்பது வீண் வேலை என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் லுவாவுக்கென்று கிளாஸ் லைப்ரரிகள் நிறைய இருக்கின்றன. எதை எடுத்தால் ஊப்ஸ் நன்றாகப் புரியும்? லுவா தெரியும் என்று சொன்னால் இன்டர்வியூவில் மதிப்பார்களா?

பி.கு.: இரண்டு படகு உருவாக்கினால் டீசல் தனித்தனியாகச் சரியாகக் குறைகிறது. ஆனால் ஒரு படகில் மீனைப் போட்டால் மற்றப் படகின் கூடையிலும் அதே மீன் தெரிகிறது. லைப்ரரிக்கு மாறினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, பின்குறிப்பில் போகிறபோக்கில் எழுதிய நாலு வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. அந்த வீட்டுப் பிளான் உதாரணத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். இன்டர்வியூவில் மதிப்பார்களா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, தேடவும் விருப்பமில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமின் ஆட்-ஆன்கள் லுவாவில் எழுதப்படுகின்றன. கேம் தளமான ரோப்லாக்ஸின் மொழி லுவாவிலிருந்து கிளைத்தது. தமிழ் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்கள் பலவற்றுக்குப் பின்னால் ஓடுவதும் லுவாதான். இது போதும். லைப்ரரி கேள்விக்குப் பதில்: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கையில் நல்ல பக் (பிழை) ஒன்று கிடைத்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் மூடிவைக்க வழி தேடுகிறீர்களே, அது சோம்பேறித்தனம். உங்கள் வயதில் அதை நான் மன்னிக்க மாட்டேன்.

சரி, மீனுக்கு வருவோம்.

நீங்கள் கோடு (புரோகிராம் வரிகள்) அனுப்பவில்லை. ஆனாலும் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘படகு’ என்று ஒரு டேபிள், அதாவது பெயரும் மதிப்பும் சேர்த்துவைக்கும் லுவாவின் பெட்டி. அதற்குள் டீசல் 100, மீன் என்ற பெயரில் ஒரு காலி டேபிள். புதுப் படகு வேண்டுமென்றால் இன்னொரு காலி டேபிளை உருவாக்கி, செட்மெட்டாடேபிள் போட்டு அதற்கு ஒரு மெட்டாடேபிளை (டேபிள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் துணை டேபிளை) மாட்டி, அதில் இண்டெக்ஸாக, அதாவது தன்னிடம் இல்லாததைத் தேட வேண்டிய இடமாக, ‘படகு’ டேபிளைக் காட்டியிருப்பீர்கள். புதுப் படகு பிறக்கும்போது அதற்குள் ஒன்றுமே இருக்காது. டீசலும் கிடையாது, கூடையும் கிடையாது. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டீசல் எவ்வளவு என்று புதுப் படகிடம் கேட்கிறீர்கள். தன்னிடம் இல்லாததால் லுவா மெட்டாடேபிளைப் பார்க்கிறது, அதிலிருக்கும் இண்டெக்ஸ் வழியாகப் ‘படகு’ டேபிளுக்குப் போகிறது, அங்கே இருக்கும் 100-ஐக் கொண்டுவருகிறது. நீங்கள் 5 கழித்துத் திரும்ப எழுதுகிறீர்கள். எழுதும்போது லுவா எங்கும் போவதில்லை. எழுதுவதை வேறிடம் திருப்ப நியூஇண்டெக்ஸ் என்று மெட்டாடேபிளில் தனியாக ஒன்றை நீங்கள் வைத்திருந்தால் ஒழிய, எழுதுவது அந்தப் படகுக்குள்ளேயே விழும். அந்த நொடியிலிருந்து அந்தப் படகுக்குச் சொந்தமாக 95 லிட்டர் டீசல் இருக்கிறது. அடுத்த படகு இன்னும் 100-ஐத்தான் பார்க்கிறது. அதனால்தான் டீசல் கலக்கவில்லை.

மீனுக்கு வாருங்கள். டேபிளுக்குள் ஒன்றைச் சேர்க்கும் டேபிள் இன்செர்ட்டுக்குப் ‘படகின் மீன் கூடை’ என்று கொடுக்கிறீர்கள். அது வாசிப்பு. கூடை படகிடம் இல்லை. லுவா மேலே போய்ப் ‘படகு’ டேபிளில் இருக்கும் கூடையைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அதற்குள் மீனைப் போடுகிறீர்கள். படகில் நீங்கள் எதையுமே எழுதவில்லை! எல்லாப் படகுக்கும் பொதுவான ஒரே கூடைக்குள் போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது படகைக் கேட்டாலும் அதே வழியில் மேலே போய் அதே கூடையைத்தான் காட்டும்.

வாசிப்பு மேலே ஏறும், எழுத்து அங்கேயே நிற்கும். லுவாவின் ஊப்ஸில் பாதி இதுதான். நான் சொல்கிறேன் என்று நம்பாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு அக்கா இருந்தார். யார் பக் என்று போய் நின்றாலும் விளக்கத்தைக் காதிலேயே வாங்க மாட்டார். “கதை வேண்டாம்ப்பா, பிரிண்ட் போட்டுக் காட்டு” என்பார். திட்டுவதுபோல இருக்கும், ஆனால் பிரிண்டைப் போட்டதும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார், வேலை முடியும்வரை எழமாட்டார். எனக்கு ஊப்ஸ் புரிந்தது அந்த நாற்காலிக்குப் பக்கத்தில்தான். நீங்களும் இரண்டு படகின் கூடையையும் பிரிண்ட் போடுங்கள். டேபிள் என்று எழுதி, பக்கத்தில் ஒரு நீண்ட மெமரி முகவரி வரும். இரண்டிலும் ஒரே முகவரியாக இருக்கும். அப்புறம் ராகெட் (rawget) என்ற ஃபங்ஷனை வைத்து, மேலே ஏறாமல் படகுக்குள் மட்டும் கூடையைத் தேடிப் பாருங்கள். நில் (nil), அதாவது ஒன்றுமில்லை என்று வரும். டீசலைத் தேடினால் 95 வரும். இந்த மூன்று பிரிண்டையும் கண்ணால் பார்த்தபிறகு எந்தப் புத்தகமும் தேவைப்படாது.

இப்போது அந்தப் பிளான். வீட்டைக் கட்டி முடித்தபின் பிளானைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடலாம், வீடு நிற்கும். உங்கள் ‘படகு’ டேபிள் அப்படியா? கேம் ஓடும் ஒவ்வொரு நொடியும் அது உயிரோடு இருக்கிறது, எல்லாப் படகின் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் ‘ஹார்ன் அடி’ என்று ஒரு ஃபங்ஷனைச் சேருங்கள். ஏற்கெனவே கடலில் இருக்கும் படகெல்லாம் ஹார்ன் அடிக்கும். பிளானில் ஜன்னல் வரைந்தால் கட்டிய வீட்டில் ஜன்னல் திறக்குமா? பிளானை மனதில் வைத்துக்கொண்டு லுவாவைப் படித்தால் கூடை கலப்பதற்குக் காரணமே கிடைக்காது.

ஜாவாவில் பிளான் உதாரணம் ஓரளவு தாங்கும். அங்கே ஸ்டாட்டிக் (எல்லாவற்றுக்கும் பொது) என்று போடாத ஃபீல்டு ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனியாக வந்துவிடும், கூடை கலக்காது. ஆனால் பைத்தானில் கிளாஸுக்கு நேரடியாக ஒரு லிஸ்ட்டை வைத்துப் பாருங்கள், இதே மீன் அங்கேயும் கலக்கும். ஜாவாஸ்கிரிப்டின் புரோட்டோடைப்பிலும் கலக்கும். உங்கள் நண்பர்கள் இதைப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கிளாஸ் இல்லாவிட்டால் ஊப்ஸ் இல்லை என்பவர்கள் வரலாறும் படிப்பதில்லை. கிளாஸ் வந்தது நார்வேயில். ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் ஆஸ்லோவில் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியில். இருபது வருடம் கழித்து, 1987-இல், டேவிட் அங்கரும் ராண்டல் ஸ்மித்தும் செல்ஃப் என்ற மொழியைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அதில் கிளாஸ் கிடையாது. ஓர் ஆப்ஜெக்ட் தனக்குத் தெரியாததைத் தன் பெற்றோர் ஆப்ஜெக்டிடம் கேட்கும், அவ்வளவுதான். லுவாவும் அந்த வழியில் போகும் மொழி. 1993-இல் ரியோ டி ஜெனீரோவின் போன்டிஃபிகல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ராபெர்த்தோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக் டி ஃபிகெய்ரெடோ, வால்டெமர் செலெஸ் என்ற மூவர் செய்தது. அதை முதலில் பயன்படுத்தப்போகிறவர்கள் பிரேசிலின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸின் பொறியாளர்கள். புரோகிராமிங்கைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். அவர்களிடம் கனமான கிளாஸ் அமைப்பு ஒன்றைத் திணிக்காமல், டேபிளை மட்டும் கொடுத்து, இல்லாததைக் கேட்டால் என்ன செய்வது என்பதை நீங்களே சொல்லுங்கள் என்று விட்டார்கள். இந்த வசதி 1995-இல் ஃபால்பேக் என்ற பெயரில் வந்தது. இன்றைய மெட்டாடேபிள் 2003-இல், லுவா 5.0-இல். அந்த மூவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. மறைத்துவைக்காமல் எல்லாவற்றையும் நம் கையில் கொடுத்தவர்கள். நீங்கள் கேட்கும் லைப்ரரி, அவர்கள் திறந்துவைத்ததைத் திரும்ப மூடும்.

நம் கல்லூரிகளில் ஊப்ஸ் என்றால் என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம் என்ற நான்கு தூண்கள். வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்பார், பையன் நான்கையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பான், இருபதுக்குப் பதினெட்டு. உங்கள் கடிதத்தில் அந்த வாடை அடித்தது, அதனால்தான் இத்தனை கடுமை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். டீசல் சரியாகக் குறைகிறது, மீன் மட்டும் கலக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தீர்களே, அந்தக் கண் எல்லாருக்கும் வாய்க்காது. பதினெட்டு வாங்கிய பையன் மீனை மட்டும்தான் சொல்லியிருப்பான்.

புதுப் படகை உருவாக்கும் ஃபங்ஷனில், ரிட்டர்ன் செய்வதற்கு முன், அந்தப் படகுக்கென்று ஒரு காலி டேபிளை மீன் கூடையாக எழுதிவிடுங்கள். ஒரே வரி. கூப்பிடும்போது புள்ளியா முக்காற்புள்ளியா என்ற குழப்பமும் உங்களுக்கு வரும். முக்காற்புள்ளி போட்டால் படகே முதல் ஆர்கியுமென்ட்டாக, செல்ஃப் என்ற பெயரில், உள்ளே போகும். புள்ளி போட்டால் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அப்புறம் ‘விசைப்படகு’ என்று இன்னொரு டேபிள் செய்து, அதற்கும் செட்மெட்டாடேபிள் போட்டு, இண்டெக்ஸாகப் ‘படகு’ டேபிளைக் காட்டுங்கள். லைப்ரரி தொடாமல், கையால். ஒரு விசைப்படகிடம் டீசல் கேட்டால் லுவா எத்தனை டேபிள் ஏறி இறங்குகிறது என்று காகிதத்தில் வரைந்து, கோடோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். செமஸ்டர் பரீட்சை இருந்தால் அது முடிந்தபிறகு அனுப்பலாம்.