பெப்பே வெறும் முரட்டு ஆட்டக்காரர்தானா?

போர்ச்சுகல் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர் பெப்பேவுக்கு முரடர் என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. 2009இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்காக ஆடியபோது, கீழே விழுந்துகிடந்த எதிரணியான கெட்டாஃபேயின் வீரரை உதைத்து 10 ஆட்டத் தடை வாங்கினார். அதற்குச் சமாதானமே கிடையாது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பிரேசிலின் மசேயோவில் பிறந்து போர்ச்சுகலுக்காக ஆடியவர். மரித்திமு, போர்ட்டோ என்ற போர்ச்சுகல் கிளப்புகள் வழியாக 2007இல் மாட்ரிட் வந்து, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை மூன்று முறை வென்றார். அவரது உச்சம், என் கணக்கில், ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையின் 2016 இறுதி ஆட்டம். தொடைக் காயத்தால் அரையிறுதியில் ஆடாதவர் பாரிஸில் திரும்பினார். ரொனால்டோ முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியேற, கூடுதல் நேரம் முடியும்வரை பிரான்சைக் கோலடிக்க விடவில்லை போர்ச்சுகல். ஆட்டநாயகன் பெப்பேதான். 2024 யூரோ காலிறுதியில் அதே பிரான்சுக்கு எதிராக ஆடியபோது வயது 41! அடுத்த மாதம் ஓய்வை அறிவித்தார்.