புதிய மருந்து வரும்வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எங்கள் ஆறு வயது மகளுக்கு ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்னும் எலும்பு நொறுங்கும் நோய் உள்ளது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஜோலெட்ரானிக் அமிலம் ஏற்றுகிறார்கள். வலது தொடை எலும்பு மூன்று முறை முறிந்து வளைந்துவிட்டதால் கம்பி பொருத்த வேண்டும் என்கிறார்கள். புதிய ஊசிகளும் ஸ்டெம் செல் சிகிச்சையும் வரவிருப்பதாகப் படித்தோம். அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வளைந்த எலும்பில் உடல் எடையின் விசை ஒரே இடத்தில் குவிவதால், அது அங்கேயே மீண்டும் முறிவதற்கு வாய்ப்பு அதிகம். பழையதோ புதியதோ, எந்த மருந்தாலும் அந்த வளைவை நிமிர்த்த முடியாது.

இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, எலும்பின் புரதச் சட்டமாக விளங்கும் முதல் வகைக் கொலாஜனை உருவாக்கும் இரண்டு மரபணுக்களில் ஒன்றில்தான் பிழை இருக்கிறது. உங்கள் மகளுக்கு ஏற்றப்படும் மருந்து அந்தப் பிழையைத் தொடுவதில்லை. எலும்பை அரிக்கும் செல்களின் வேகத்தைக் குறைத்து, உள்ள எலும்பைச் சேமிக்கிறது. இதே பிஸ்பாஸ்போனேட் குடும்பத்தைச் சேர்ந்த பாமிட்ரோனேட்டைக் கடுமையான பாதிப்புள்ள குழந்தைகளுக்குச் சுழற்சி முறையில் ஏற்றிய மான்ட்ரியல் மருத்துவர்களின் ஆய்வு 1998-இல் வெளியான பிறகே இச்சிகிச்சை பரவலானது. எலும்பின் அடர்த்தி கூடுவதும், நசுங்கிய முதுகெலும்புகள் ஓரளவு வடிவம் பெறுவதும் உறுதியாகத் தெரிகின்றன. கை கால் முறிவுகள் எந்த அளவுக்குக் குறைகின்றன என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆகவே மருந்தும் கம்பியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

அறுவை சிகிச்சையில் எலும்பைத் தேவையான இடங்களில் வெட்டி நேராக்கி உள்ளே கம்பியைச் செலுத்துவார்கள். எலும்பு வளர வளரத் தானும் நீளும் ஃபாசியர்-டுவல் போன்ற கம்பியைப் பொருத்த முடியுமா என்று கேளுங்கள். அதுவும் சில வேளைகளில் நகரலாம், வளையலாம், மறு அறுவை தேவைப்படலாம். வெட்டிய இடம் கூடுவதை ஜோலெட்ரானிக் அமிலம் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், அடுத்த தவணையை எப்போது ஏற்றுவது என்பதை எலும்பு மருத்துவரும் மருந்து தரும் மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும். பலர் கேட்கத் தவறும் கேள்வி இது.

இனி புதியவை. எலும்பு உருவாவதைத் தடுக்கும் ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தை முடக்கும் ஊசிகள் அடர்த்தியைக் கூட்டுகின்றன. ஆனால் ஸ்கேனில் எண் உயர்வதை வைத்து முறிவு குறையும் என்று முடிவுகட்ட முடியாது. எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்கும் டெனோசுமாப் என்ற மருந்தின் வீரியம் தணியும்போது சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருக்கிறது. எலும்பு உருவாவதைத் தூண்டும் டெரிபாரடைடு என்ற ஊசி பெரியவர்களுக்கானது, அவர்களிலும் லேசான வகை உள்ளவர்களுக்கே அடர்த்தி கூடியதாக 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு உடனே தருகிறோம் என்பவர்களிடம் செல்லாதீர்கள். முறையாகப் பதிவுசெய்யப்பட்ட ஆய்வில் இடம் கிடைத்தால் பரிசீலிக்கலாம். கம்பி இருந்தால் சேர்த்துக்கொள்வார்களா என்பதை அந்த ஆய்வுக் குழுவிடமே கேட்டுவிடுங்கள்.

அறுவைக்கு முன் வைட்டமின் டி, கால்சியம் அளவுகளைப் பார்த்துக் குறையிருந்தால் சரிசெய்ய வேண்டும். அசையாமல் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் எலும்பும் தசையும் மேலும் மெலியும். எனவே மாவுக்கட்டு எத்தனை நாள், இயன்முறைப் பயிற்சி எப்போது தொடங்கும், எப்போது காலை ஊன்றலாம் என்பவற்றை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.