சேவைக்குப் போனவளுக்குக் கடற்கரையில் என்ன வேலை?

கேள்வி: எங்கள் மகள் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்லூரி முடித்ததும், வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பில் சேர்ந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவின் வடக்கே ஒரு கிராமப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறாள். தை மாதம் கோயம்புத்தூரில் என் அண்ணன் மகள் கல்யாணம். "லீவு கிடைக்காது" என்று சொல்லிவிட்டாள். அது முடிந்த சில நாளில், தலைநகர் அக்ரா பக்கத்துக் கடற்கரையில் நண்பர்களோடு கும்மாளம் போடும் படங்களை அனுப்புகிறாள். கேட்டால் "டிரெய்னிங்" என்கிறாள். "இதுதான் சேவையா?" என்று நாத்தனார் குத்திக் காட்டுகிறார். அவருக்கு என்ன சொல்வது? எனக்கும் மனசு ஆறவில்லை. படங்களை இணைத்திருக்கிறேன். – பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: உங்கள் மகள் சொன்னது இரண்டுமே உண்மைதான் சகோதரி. லீவு கிடைத்திருக்காது. கடற்கரையில் நடந்ததும் டிரெய்னிங்தான்.

பீஸ் கோர் பணி மொத்தம் 27 மாதம். முதல் மூன்று மாதம் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்கி மொழி பழக வேண்டும். அப்புறம் இரண்டு வருடம் அவர்கள் ஒதுக்கிய ஊரில் வேலை. மாதத்துக்கு இரண்டு நாள் வீதம் விடுப்பு சேரும். ஆனால் அந்த ஊருக்குப் போன முதல் மூன்று மாதம் அதைத் தொடப் பொதுவாக விடமாட்டார்கள். ஊரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில் பெட்டியைத் தூக்கிவிடக் கூடாது என்பது கணக்கு. அந்தக் கெடு முடியும் தருவாயில், வெவ்வேறு மூலைகளில் தனித்தனியாகக் கிடக்கும் தொண்டர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி தருவார்கள். அது விடுப்பில் சேராது, வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. தங்கும் செலவு நிறுவனத்துடையது. கல்யாணம் கெடுவுக்குள் வந்துவிட்டது, பயிற்சி கெடு முடிந்து வந்தது. இதில் பெண்ணைக் கோபித்து என்ன பயன்? முகூர்த்தம் குறித்த ஜோசியரைத்தான் கேட்க வேண்டும்.

பகலெல்லாம் வகுப்பு இருந்திருக்கும். ஐம்பது அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் இல்லாமல் அறிவியல் நடத்துவது எப்படி, ஊரில் பார்த்த குறைகளில் தன்னால் ஆவது எது என்பது மாதிரி. பல இடங்களில் கூட வேலை பார்க்கும் உள்ளூர் ஆசிரியரையும் அழைத்துக்கொள்வார்கள். கடலெல்லாம் மாலையில்தான். வகுப்பில் கொட்டாவி விடுவதை யார் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்புவார்கள்?

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் சாயம் பூசிய மீன்பிடிப் படகுகள், அதற்கும் அப்பால் ஒரு கூட்டம் கரையில் நின்று கயிறு இழுக்கிறது. நம் கரைவலை போலவே கானாவிலும் உண்டு. முன்னால் ஏழெட்டுப் பேர் மணலில் உட்கார்ந்து, நாளிதழில் மடித்த வறுத்த வாழைப்பழத்தைப் பிடுங்கித் தின்கிறார்கள். உங்கள் மகளின் கணுக்காலைப் பார்த்தீர்களா? கொசு கடித்துச் சொறிந்து ஆறிய தழும்பு வரிசையாக இருக்கிறது. முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். அந்த வடக்கில் தை மாதம் என்றால் ஹார்மட்டான் காற்று, சஹாராவின் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கொட்டும் காலம். தண்ணீரை வாளிக் கணக்கில் செலவழிக்கும் இடத்தில் நீள முடி வைத்துக்கொண்டு அல்லாட முடியுமா? இந்தப் பெண் உல்லாசத்துக்குப் போனவள் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. ஒரு படத்தில் அவள் தோளில் கை போட்டிருக்கும் பையனை நீங்கள் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முதல் மூன்று மாதம் ஒன்றாக மொழி கற்று, ஒன்றாக வயிற்றுப்போக்கில் படுத்து எழுந்தவர்கள் அவர்கள். அவள் வயது 23. யார் என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நேரே கேளுங்கள், வட்டம் வேண்டாம்.

கவலைப்பட்டே தீருவேன் என்றால் உருப்படியாகக் கவலைப்படுங்கள். கினி வளைகுடாவில் கரையோரத்திலேயே இழுப்பு அதிகம்; மெரினாவில் முட்டளவு நீரில் நிற்பவரைக் கடல் வாரிக்கொண்டு போகுமே, அந்த ரகம். இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இது அவளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். மலேரியா மாத்திரையை ஊர் சுற்றும் நாட்களில் விட்டுவிடுகிறாளா என்று கேளுங்கள். அக்ராவிலிருந்து வடக்கே உள்ள பெரிய நகரமான தமாலேவுக்கே சுமார் 600 கிலோமீட்டர். இரவு வண்டியைத் தவிர்த்துப் பகலில் போகச் சொல்லுங்கள்.

முக்கியமாக, அவள் கிராமத்துக்குத் திரும்பிய முதல் வாரம் போன் செய்யுங்கள். பத்து நாள் தன் பாஷையில் அரட்டை அடித்துவிட்டு, சிரித்துப் பேச ஆளில்லாத அறைக்குள் மறுபடி நுழைவது, முதல்முறை நுழைந்ததைவிடக் கஷ்டம். வெளிநாட்டுப் பணிக்குப் போன பிள்ளைகள் பலர் எனக்கு எழுதியது இது. அந்த வாரம் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். பள்ளியில் எந்தப் பாடம் ஓடுகிறது, பக்கத்து வீட்டம்மா என்ன சமைத்தார் என்று கேளுங்கள். மணப்பெண்ணோடு ஒரு வீடியோ அழைப்பு பிறகு ஏற்பாடு செய்யுங்கள், இரண்டு பேருக்கும் ஆறுதலாக இருக்கும்.

நாத்தனாருக்கு என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். மேலே எழுதிய விடுப்புக் கணக்கை ஒருமுறை சொல்லுங்கள். அதற்கும் மேல் பேசினால், காபி கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள். அது சரி, படங்கள் மகளிடமிருந்து உங்கள் போனுக்கு வந்தவை. நாத்தனார் கைக்கு எப்படிப் போயின? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்களே போட்டிருந்தால், அடுத்த முறை அதை மட்டும் செய்யாதீர்கள்.