அண்ணன் சொல்வது அறிவியலா, அறிவியல் மாதிரியா?

கேள்வி: என் அண்ணன் இன்ஜினியர், நன்றாகப் படித்தவர். சில மாதங்களாக ஒரு டாக்டரின் யூடியூப் வீடியோக்களை விடாமல் பார்க்கிறார். உடம்பு அமிலமாவதால்தான் புற்றுநோய் வருகிறது, ஆல்கலைன் என்கிற காரத் தண்ணீர் (அமிலத்துக்கு நேர் எதிரான தன்மை கொண்டது) குடித்தால் வராது, இதைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள், மருந்து கம்பெனிகள்தான் அமுக்கிவிட்டன என்கிறார். எனக்கு அறிவியல் அவ்வளவாகத் தெரியாது. இந்த மாதிரி விஷயங்களை நான் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: சரி, முதலில் அண்ணனைப் பற்றி. படித்தவர் இதையெல்லாம் எப்படி நம்புகிறார் என்று உங்களுக்கு ஆற்றாமையாக இருக்கும், ஆனால் படிப்பு இதற்கெல்லாம் பெரிய தடுப்புச் சுவர் கிடையாது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். இதில் பாதி நிஜம் இருக்கிறது, சிக்கலே அதுதான். நோபல் விஷயத்தையே பிரித்துப் பார்ப்போம்.

ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் நிஜமாகவே இருந்தார், 1931இல் நோபல் வாங்கினார், புற்றுநோய் செல்களையும் ஆராய்ந்தார். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதும் அந்தச் செல்கள் சர்க்கரையை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன என்று 1920களில் காட்டியவர் அவர், கட்டியைச் சுற்றியுள்ள இடம் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருப்பதும் உண்மை. ஆனால் அவருக்குப் பரிசு கிடைத்தது செல்களின் சுவாசத்தில் பங்கெடுக்கும் ஒரு நொதியை (என்சைமை) பற்றிய கண்டுபிடிப்புக்கு. நோபல் பரிசின் இணையதளத்தில் ஒரே வரியில் எழுதியிருக்கிறது, இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அப்புறம், அந்த அமிலம் கட்டியிலிருந்து வருவது. அதைத் திருப்பிப் போட்டு, அமிலத்தால்தான் கட்டி வந்தது என்று ஆக்கிவிட்டார்கள். புகை வந்ததால்தான் வீடு தீப்பிடித்தது என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். நம் ரத்தத்தின் பி.எச். அளவு, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 7.35க்கும் 7.45க்கும் நடுவில் இருக்கும், நுரையீரலும் சிறுநீரகமும் அதை ராப்பகலாகக் காத்துக்கொண்டிருக்கின்றன. குடிக்கிற தண்ணீர் முதலில் போய் விழுவதே அமிலம் நிறைந்த இரைப்பையில். அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் காகிதத்தைச் சிறுநீரில் நனைத்து, நிறம் மாறிவிட்டது பாருங்கள் என்று வீடியோவில் காட்டியிருப்பார்கள், அதுவும் நிஜமாகவே மாறும், ஏனென்றால் கூடுதலாக வந்த காரத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. ரத்தம் மாறவில்லை என்பதற்குத்தான் அது அடையாளம்.

இத்தனையும் ஒரு வீடியோவுக்கு. நாளைக்கு இன்னொன்று வரும், ஒவ்வொன்றுக்கும் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருக்க உங்களால் முடியாது, தேவையும் இல்லை. நான் எந்தக் கூற்றைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்வி: இது தவறாக இருந்தால் எதை வைத்துத் தெரியும்? அதற்குப் பதில் இருக்கிற கூற்றோடு பேசலாம். எது நடந்தாலும், எது நடக்காவிட்டாலும் ‘நான் சொன்னதுதான் சரி’ என்று நிற்கிற கூற்றிடம் கவனமாக இருங்கள்.

இதற்கு அறிவியல் பட்டம் வேண்டியதில்லை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி. உடம்பைத் தொடாமலே, மேலே கைகளை அசைத்து ‘ஆற்றல் புலத்தை’ உணர்ந்து நோயைச் சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு சிகிச்சை அங்கே செவிலியர்கள் மத்தியில் பரவலாக இருந்தது. 1996இல், 9 வயதில், பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக எமிலி அதைச் சோதித்தாள். நடுவில் ஒரு தடுப்பு அட்டை, சிகிச்சை செய்பவர் அதன் துளைகள் வழியாக இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும், அவள் காசைச் சுண்டிப் போட்டு ஏதோ ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடிப்பாள், எந்தக் கை என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை. 21 பேர், 280 முறை, சரியாகச் சொன்னது 123 முறை, அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஏறக்குறைய பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழிலேயே இது வெளியானது. ஆற்றல் என்றால் என்ன, புலம் என்றால் என்ன என்ற விவாதத்துக்குள்ளேயே அவள் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். நோயைக் குணப்படுத்தும் அளவுக்கு அதை உணர முடிகிறது என்றால் கை இருப்பதையாவது உணர வேண்டுமே என்று கேட்டாள்.

‘குடித்தேன், எனக்குச் சரியானது’ என்கிற சாட்சிகள் இந்தச் சோதனைக்குப் பக்கத்தில்கூட வராது. பல தொந்தரவுகள் தாமாகவே ஏறி இறங்கும், உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய வைத்தியம் தேடுகிறோம், அப்புறம் இறங்கும்போது புகழ் அந்த வைத்தியத்துக்குப் போய்விடுகிறது.

இப்போது சதி விஷயம். ‘சதியெல்லாம் கிடையாது’ என்று மட்டும் அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள், அது உண்மையும் இல்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் சிபிலிஸ் என்ற பாலியல் நோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு, அதைக் குணப்படுத்தும் பென்சிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று அரசின் பொதுச் சுகாதாரத் துறையே 1932லிருந்து 1972 வரை வேடிக்கை பார்த்தது. ஃபோக்ஸ்வேகன் கம்பெனி புகைப் பரிசோதனையை ஏமாற்றுகிற மென்பொருளை டீசல் கார்களில் வைத்தது 2015இல் அம்பலமானது. ஆனால் இவை எப்படி வெளியே வந்தன என்று பாருங்கள். டஸ்கீகி விஷயம் அந்தத் துறையில் வேலை செய்தவர் பத்திரிகைக்குச் சொன்னதால் வந்தது. ஆய்வாளர்கள் காரைச் சாலையில் ஓட்டிப் புகையை அளந்தார்கள், ஆய்வுக்கூடத்தில் அளந்ததோடு ஒத்துப்போகவில்லை. தோண்டத் தோண்டப் பெயர், தேதி, கடிதம் என்று விஷயம் குறுகிக்கொண்டே போய் இன்னார் செய்தார் என்ற இடத்தில் நின்றது.

கற்பனைச் சதி எதிர்த்திசையில் போகும். மறுத்துப் பேசுகிற ஒவ்வொருவரும் அதில் சேர்ந்துவிடுவார்கள். முதலில் மருந்து கம்பெனி, அப்புறம் டாக்டர்கள், அப்புறம் எல்லா நாட்டு அரசுகளும், கடைசியில் நீங்களும். சிகிச்சைச் செலவைத் தானே ஏற்கிற அரசுகள், தண்ணீரால் குணமாகும் என்றால் ஏன் மறைக்க வேண்டும்? டாக்டர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் புற்றுநோய் வராதா?

‘புதிதாகச் சொன்னவர்களை எப்போதும் எதிர்த்தார்கள்தானே’ என்று அவர் கேட்கலாம், கேட்டால் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற ஆஸ்திரேலிய டாக்டர்களின் கதையைச் சொல்லுங்கள். வயிற்றுப்புண்ணில் பெரும்பாலானவை ஒரு பாக்டீரியாவால் வருகின்றன என்று 1980களில் அவர்கள் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்த பாக்டீரியாவைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அதைவிட முக்கியமானது, மற்றவர்கள் செய்து பார்த்தபோதும் அதே முடிவு வந்தது. வயிற்றுப்புண்ணுக்குக் கொடுத்த, அமிலத்தைக் குறைக்கிற மருந்துகள் அப்போது உலகிலேயே அதிகம் விற்பனையானவற்றில் இருந்தன, மறைப்பதற்குக் கம்பெனிகளுக்கு நல்ல காரணம் இருந்தது, ஆனாலும் சில வார ஆன்டிபயாடிக் சிகிச்சை நிலைத்துவிட்டது, 2005இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

வீடியோ பேசுபவரைச் சரிபார்க்க அவர் வீடியோவையே திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள். இன்னொரு பக்கத்தைத் திறந்து அவர் பெயரைத் தேடுங்கள், அவர் எதில் டாக்டர், என்ன விற்கிறார், அவரைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அண்ணனிடம் பேசும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டாம், நாலு பேர் நடுவிலும் வேண்டாம். நோபல் விஷயம் ஒன்றை மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ‘எதைப் பார்த்தால் இது தவறு என்று ஒத்துக்கொள்வாய்?’ என்று கேளுங்கள், அவர் உங்களைத் திருப்பிக் கேட்டால் நீங்களும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், காரத் தண்ணீர் குடித்தவர்களையும் சாதாரணத் தண்ணீர் குடித்தவர்களையும் நீண்ட நாள் ஒப்பிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் ஒரே முடிவைக் காட்டினால் நான் மாற்றிக்கொள்வேன்.

அவர் தண்ணீர் குடிப்பதோடு நின்றால் அவசரமில்லை, மெதுவாகப் பேசலாம். ஆனால் பரவாத நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களை வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்ட, 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இறக்கும் அபாயம் 2.5 மடங்காக இருந்தது. அதனால் டாக்டர் சொன்ன எந்தப் பரிசோதனையையாவது தள்ளிப்போட்டிருக்கிறாரா, எந்த மாத்திரையையாவது நிறுத்தியிருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். ஆமாம் என்றால் வாதத்தை அப்படியே விட்டுவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.