முடக்குவாதத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டே மலையேறலாமா? கூடாரத்தில் தங்கலாமா?

போகலாம். ஆனால் மலையைப் பற்றி யோசிக்கும் முன் இரவு எதில் படுப்பீர்கள், காலையில் எப்படி எழுந்திருப்பீர்கள் என்று யோசியுங்கள். 14 மாதமாக மருந்து எடுப்பதாகவும், நண்பர்கள் ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்கக் கூப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஏலகிரியில்தான் தொடங்கினேன்.

எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி விறைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், என்று தெரிந்தபோது வயது 34. காலையில் குக்கர் மூடியைத் திறக்க முடியாது, மகளுக்கு யூனிபார்ம் பட்டன் போட விரல் மடங்காது. இதற்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வேலை செய்கிறது என்று நான் உணரவே மூன்று மாதம் ஆயிற்று. ஒரு வருடம் கழித்து வீக்கம் அடங்கியதும் டாக்டரே நடக்கச் சொன்னார். தெருமுனை வரை பத்து நிமிடம் என்று ஆரம்பித்தேன். மறுநாள் காலை விறைப்பு கூடவில்லை என்றால் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம். அப்படியே ஐந்து கிலோமீட்டர் வந்தபோது மலை ஆசை வந்துவிட்டது.

ஏலகிரியின் மங்கலம் கிராமத்திலிருந்து அங்குள்ள சுவாமிமலைச் சிகரத்தில் ஏறினோம், நானும் கணவரும் அக்கா மகனும். ஏறும்போது ஒன்றுமே தெரியவில்லை. மேலே பாறையில் நின்று கீழே பார்த்தபோது அழுதுவிட்டேன். சட்டை பட்டன் போட முடியாத கையால் பாறையைப் பிடித்து ஏறியிருக்கிறேனே! அந்தச் சந்தோஷத்தில் நேரம் போனது தெரியாமல், ஜோலார்பேட்டையில் ரயிலைப் பிடிக்க விறுவிறுவென்று இறங்கினோம். தப்பு அங்கேதான். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடை முழங்காலில் மோதும். மறுநாள் வலது முழங்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. எட்டு நாள் லீவு.

அதிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தொடையும் கெண்டைக்காலும் வலித்து இரண்டு மூன்று நாளில் போய்விட்டால் அது உழைத்த வலி, பயமில்லை. மூட்டு வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, காலை விறைப்பு வழக்கத்தைவிட நீண்டாலோ நோய் தலைதூக்குகிறது என்று அர்த்தம். ஆகவே மலை முடிந்த அடுத்த இரண்டு நாளையும் சும்மா இருக்க ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது கூடாரம். நமக்கு உண்மையில் கடினமானது இதுதான். தரையில் படுத்தால் இரவெல்லாம் இடுப்பும் தோளும் அழுந்தும், காலையில் கையூன்றி எழ மணிக்கட்டு ஒத்துழைக்காது. நான் முதலில் எங்கள் மொட்டை மாடியிலேயே கூடாரம் போட்டு மூன்று இரவு தூங்கிப் பார்த்தேன். முதல் இரவு தரையில் பாய். விடிந்ததும் கணவர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அடுத்த இரவு மடக்குக் கட்டில். நானே எழுந்து உட்கார்ந்தேன். ஜிப்பின் சின்ன நாக்கை விரலால் பிடிக்க முடியவில்லை என்று, எல்லா ஜிப்பிலும் பாவாடை நாடாவைத் துண்டு போட்டு வளையமாகக் கட்டினேன். முழுக்கையால் இழுத்தால் போதும். பிளாஸ்க்கில் வெந்நீர், கம்பளி கையுறை, காலை மாத்திரை மூன்றும் தலைமாட்டில் இருக்கும். விழித்ததும் கையுறையோடு வெந்நீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் விரல்களை மடக்கி நீட்டுவேன். சூரிய உதயத்தைக் கூடார வாசலில் உட்கார்ந்தே பார்க்கிறேன். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

ஊன்றுகோல் ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரலுக்கு இதம். பட்டையை மணிக்கட்டில் சரியாக மாட்டினால் இறுக்கிப் பிடிக்கவும் தேவையில்லை. ஷூ, விரல் பக்கம் அகலமாக இருக்கட்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து. ஓடைத்தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், கொதிக்கவைத்துக் குடியுங்கள். முள் கிழித்தாலும் உடனே கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்று டாக்டரைக் கேளுங்கள். எனக்கு மாத்திரை போட்ட மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும், அதனால் அந்த நாளில் பயணம் வைப்பதில்லை. ஸ்டீராய்டு எடுப்பவரானால் ஊரில் மறந்து வைத்துவிட்டு வரவே கூடாது. அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

ஏலகிரி பிடித்துப்போனால் அடுத்து, வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைப் பாருங்கள். 40 பாதைகளை எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள், வழிகாட்டியும் கூட வருவார். எளிதிலேயே ஆரம்பியுங்கள். காட்டுக்குள் நாமாகப் போய்க் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். அப்புறம், ஜீப்பில்தானே போகிறோம் என்று கொழுக்குமலைக்கு இப்போதே கிளம்பிவிடாதீர்கள். சூரியநெல்லியிலிருந்து மேலே போகும் கரடுமுரடான பாதையில் அந்தக் குலுக்கல், நடந்ததைவிட என் கழுத்தையும் மணிக்கட்டையும் அதிகம் படுத்தியது.

உங்கள் நண்பர்களிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். காலை எட்டு மணிக்கு முன் உங்களை நடக்கக் கூப்பிடக் கூடாது. பாதியில் நீங்கள் திரும்பினால் ஒருவர் கூடவே இறங்க வேண்டும். இரண்டாவது தடவை சுவாமிமலையில் நான் பாதி வழியிலேயே திரும்பினேன். அக்கா மகன் ஒரு வார்த்தை கேட்காமல் என் பையை வாங்கிக்கொண்டு கூடவே இறங்கினான். அந்த முறை லீவு போடவில்லை.