கேள்வி – பதில்: சுவரில் பூஞ்சணம், நெஞ்சில் இழுப்பு

கேள்வி: வயது 43. சின்ன வயதில் இருந்த இழுப்பு பதினைந்தோடு விட்டுப்போனது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடிக்கு வந்து மூன்றாம் வருடம் திரும்பவும் தொடங்கிவிட்டது. விடியப்புறம் மூன்று மணிக்கு இருமல் எழுப்புகிறது. அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துக் கிடக்கிறது. அந்தப் பூஞ்சணம்தான் காரணமா?

பதில்: அதுவும் இருக்கலாம், அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது. சிறுவயது ஆஸ்துமா ஓய்ந்தாலும் சுவாசக்குழாய்களின் கூருணர்வு பலரிடம் தங்கிவிடும். பிறகு வருடக்கணக்காகத் தூசியோ புகையோ பட்டால் மீண்டும் தலைதூக்கும். விடியப்புறம் இருமுவதை வைத்து மெத்தைத் தூசியைக் குற்றம் சொல்லவும் முடியாது. உடலின் உள்கடிகாரமே அந்நேரத்தில் குழாய்களைச் சுருக்கும்.

முதலில் மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு கிழமைக்குக் காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதுங்கள். மூன்றில் கூடிய எண்ணைக் குறியுங்கள். காலை 320, மாலை 400 என்றால் வித்தியாசம் 80, சராசரி 360. அதாவது அன்றைய ஏற்றத்தாழ்வு 22 வீதம். இரண்டு கிழமைச் சராசரி 10 வீதத்தைத் தாண்டினால் அது ஆஸ்துமாவைக் காட்டும். வேலை நாளில் இறங்கி விடுமுறையில் ஏறுகிறதா? அப்படியானால் வீட்டை விட்டு வேலைத்தலத்தைப் பாருங்கள்.

சுவரைக் கழுவுமுன் நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அநேகமாக அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் கசியும், அல்லது மழைநீர் வெளிப்பூச்சின் வெடிப்பால் இறங்கும். அதை அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் மறுபடி கறுக்கும். கசிவு நின்றபின் சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள். நீங்களல்ல, வீட்டில் வேறொருவர் முகக்கவசத்தோடு. குளோரின் போட வேண்டாம்: அதன் நெடியே இழுப்பைக் கிளப்பும், குளோரினை அசிட்டுடன் ஒருபோதும் கலக்கக்கூடாது. அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.

மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிக்கு ஈரப்பதன் 50 வீதத்துக்கு மேல் இருந்தால் கொண்டாட்டம். கொழும்பில் வருடம் முழுக்க அதற்கு மேல்தான், அதனால் ஜன்னலைத் திறந்து ஈரத்தை விரட்ட முடியாது. கட்டில் விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கொருமுறை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் தோயுங்கள். வெயிலில் போட்டால் பூச்சி சாகும், ஆனால் ஒவ்வாமை தரும் அதன் எச்சம் மெத்தையிலேயே கிடக்கும். தூசிப்பூச்சியைத் தடுக்கும் மெத்தை உறை மட்டும் வாங்கிப் பயனில்லை: 2003இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 1,100க்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு அது தனியாக உதவவில்லை. தோல் பரிசோதனையில் தூசிப்பூச்சி ஒவ்வாமை தெரிந்தால் மட்டும் செலவழியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 58, அவருக்கும் இழுப்பு, கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். சளி மஞ்சளானதும் ஃபார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கிவிடுவார். சரியா?

பதில்: இல்லை. பெரியவர்களின் திடீர் இழுப்பில் பெரும்பாலும் தடிமன் தரும் ரைனோவைரஸ் போன்ற வைரஸ்களே குற்றவாளி. அன்டிபயோட்டிக்கால் வைரஸ் சாகாது. மஞ்சள் நிறம் பாக்டீரியாவின் அடையாளமும் அல்ல: ஒவ்வாமையில் பெருகும் இயோசினோபில் என்ற வெள்ளையணுக்களும் சளியை மஞ்சளாக்கும்.

சிலரின் குழாய்களில் ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா போன்ற பாக்டீரியாக்கள் நெடுநாள் தங்கி, ஸ்டீரொய்டுக்கு அவ்வளவாக இறங்காத வகை அழற்சியோடு சேர்ந்திருப்பது உண்மை. 2017இல் வெளியான அமேசஸ் ஆய்வு, பம்ப் (இன்ஹேலர்) எடுத்தும் கட்டுப்படாத பெரியவர்களுக்கு அசித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை 500 மில்லிகிராம், கிழமைக்கு மூன்று முறை, 48 வாரம் கொடுத்ததில் இழுப்பு குறைந்ததைக் காட்டியது. அதை நெஞ்சு நோய் நிபுணர்தான் எழுதலாம். ஈசிஜி, காது கேட்டல், சளிப் பரிசோதனை எல்லாம் பார்த்தபிறகு. ஐந்து நாள் குளிசை அந்த மருத்துவம் அல்ல, கிருமிக்கு மருந்தெதிர்ப்பைப் பழக்கும் வேலை.

உடனே மூச்சைத் திறக்கும் நீலப் பம்பை மட்டும் அம்மா நம்புகிறாரா என்றும் பாருங்கள். 200 முறை அடிக்கும் அந்த நீலப் பம்ப் வருடத்தில் மூன்று தீர்ந்தாலே ஆபத்து கூடுகிறது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொய்டு உள்ள பிரவுன் பம்பை ஒழுங்காக எடுத்து, ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெண்படலமாகப் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: டெங்குக்குப் பயந்து நுளம்புச்சுருள் கொளுத்துகிறோம். வேறு வழி?

பதில்: ஒரு சுருள் எரிந்து முடிய, நுண்துகள் கணக்கில் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமன் என்று ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். சாம்பிராணியும் அந்தப் புகைதான்.