ஆள் படுத்திருந்தா சுப்பீரியர்னா எந்தப் பக்கம்?

படுத்திருக்கிற ஆளுக்கு சுப்பீரியர்னா, அதாவது மேல்பக்கம்னா, கூரைப் பக்கமான்னு கேட்டிருக்கீங்க, இல்லைங்க, அப்பவும் தலைப் பக்கம்தான். அனாடமில, அதாவது உடற்கூறியல்ல, திசை சொல்ற எல்லா வார்த்தையும் ஒரே நிலைய வச்சுதான் சொல்றாங்க, நேரா நின்னு, முகம் முன்னாடி பாத்து, கை ரெண்டும் பக்கத்துல தொங்க, உள்ளங்கை முன்பக்கம் திரும்பி இருக்கணும். ஆள் குப்புறப் படுத்தாலும் இப்படி நிக்கிறதாவே நினைச்சுக்கணும். இந்த உள்ளங்கை விஷயத்த நிறைய பேர் விட்டுடுறாங்க, ஆனா அதனாலதான் கட்டைவிரல் லேட்டரல், அதாவது நடுக்கோட்டுலேருந்து வெளிப்பக்கம், சுண்டுவிரல் மீடியல், அதாவது நடுக்கோட்டுப் பக்கம்னு வருது, முன்கைல இருக்கிற ரெண்டு எலும்புல ரேடியஸ் வெளிப்பக்கம் அல்னா உள்பக்கம்ங்கறதும் அப்பதான் குழப்பமில்லாம மனசுல நிக்கும்.

ஆன்டீரியர் முன்பக்கம், போஸ்டீரியர் பின்பக்கம், அவ்ளோதான். ப்ராக்ஸிமல், டிஸ்டல் ரெண்டும் கை கால்ல அதிகமா வரும், உடம்போட சேர்ற இடத்துக்கு கிட்ட இருக்கறது ப்ராக்ஸிமல், தள்ளி இருக்கறது டிஸ்டல், அதனால மணிக்கட்ட விட முழங்கை ப்ராக்ஸிமல்.

பிளேன்னா உடம்ப வெட்டிப் பிரிக்கிற மாதிரி நினைச்சுக்கிற தளம், அதுல சஜிட்டல் இடது வலதா பிரிக்கும், கரோனல் முன் பின்னா, டிரான்ஸ்வர்ஸ் மேல் கீழா.

இடது வலது எப்பவுமே நோயாளியோடது, உங்களோடது இல்ல, தயவுசெஞ்சு இத முதல்லயே பழகிடுங்க, ஏன்னா சிடி ஸ்கேன் குறுக்குவெட்டுப் படத்த கால் பக்கத்துலேருந்து பாக்குற மாதிரி வைப்பாங்க, வலது பக்கம் இருக்கிற கல்லீரல் ஸ்கிரீன்ல உங்க இடது கைப் பக்கம்தான் தெரியும்.